பாவுக்கு ஒரு பானை, வத்தலுக்கு ஒரு பானை

வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட வேன் ஓட்டியவனை நம்பி, மகளின் முகூர்த்தப் புடவையைப் பார்த்துவரக் கடல் தாண்டி அனுப்பிய குடும்பம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். எனக்குப் பட்டு தெரியாது. ஜரிகை தெரியாது. மஞ்சளில் எத்தனை மஞ்சள் உண்டு என்று இன்றைக்கும் தெரியாது. தெரிந்த வேதாவால் போக முடியவில்லை.

வேதா என் மனைவி. காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, என்னைக் கட்டிக்கொண்டு மலேசியாவில் தைப்பிங்குக்கு வந்தவள். போன வருடம் அவளுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. மருத்துவர் விமானத்தை நிறுத்தினார், உப்பையும் நிறுத்தினார். விமானத்தை அவள் சட்டை செய்யவில்லை. உப்புதான் அவளைச் சாய்த்துவிட்டது. நாலு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவிடுவாள். கேட்டால் பசியில்லை என்பாள். சாப்பிடாவிட்டால் உடம்பில் தெம்பு ஏறாது, கல்யாணத்தில் எழுந்து நிற்கக்கூட முடியாது என்று மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் வாங்கிக்கிட்டு வராதீங்க. புஷ்பா அண்ணி கையால போட்ட கூழ் வத்தல்னா உசுரு. ஆனா அது உப்பாச்சே. பொடவைய மட்டும் பாத்துட்டு வாங்க" என்றாள். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன். அவள் நாக்கில் ஒட்டுகிற மாதிரி ஏதாவது ஒன்று கிடைக்காமல் திரும்பக் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சென்னையில் காஞ்சிபுரம் பஸ் ஏறியதும் தூங்கிப்போனேன். பிறகு யாரோ தோளைத் தட்டினார்கள். பஸ்ஸில் நான் ஒருவன்தான் இருந்தேன். வெளியே பஸ்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"எங்கப்பா போவணும் நீ?" என்றார் கண்டக்டர்.

"ஓரிக்கை" என்று காஞ்சிபுரத்தை ஒட்டி வேதாவின் அண்ணன் வீடு இருக்கும் ஊரைச் சொன்னேன்.

அவர் சிரித்த சிரிப்பில் டிக்கெட் பை குலுங்கியது. "இதான்பா ஓரிக்கை! இது எங்க டெப்போ. பஸ்ஸு வூட்டுக்கு வந்துட்ச்சி, நீயும் கூடவே வந்துட்டே. பஸ் ஸ்டாண்ட்ல எறங்கியிருந்தா திரும்ப ஆட்டோ புடிச்சிக்கினு இங்கதான் வந்திருக்கணும்."

எங்கள் வேனில் ஒவ்வொரு சீட்டையும் குனிந்து பார்க்காமல் நான் ஒருநாளும் கதவைப் பூட்டியதில்லை. இருந்தாலும் இந்த மனிதரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வேலை முடிந்து கிளம்பியவர், பெட்டியைத் தன் வண்டியின் முன்னால் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மச்சான் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். பெயர் கேட்பதற்குள் போய்விட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மச்சான் ஏகாம்பரம் வேதாவின் அண்ணன். முன்கூடத்தில் தறி, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் பாலாற்றுப் பக்கமாக நீளும் சின்ன நிலம். தறி அவருடையது, நிலம் அவர் மனைவி புஷ்பாவுடையது. ஒருவர் இடத்தில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை. நிலத்தில் கொஞ்சம் நெல், கத்தரி, கொத்தவரை, மிளகாய், ஓரமாக மணத்தக்காளி, இரண்டு மாமரம், ஓர் எலுமிச்சை. ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. தண்ணீருக்கு போர்வெல்.

போனதும் சோறு போட்டார்கள். கத்தரிக்காய்க் கடைசல், கொத்தவரை வத்தல் குழம்பு, தயிர், மோர் மிளகாய். வேதா உப்பை விட்ட நாளிலிருந்து அவளுக்கு முன்னால் நான் உப்புப் போட்டுச் சாப்பிட்டதில்லை. எட்டு மாதம் கழித்து மோர் மிளகாயின் உப்பு நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அங்கே வெறும் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"காரமா இருக்குதா அண்ணா?" என்றாள் புஷ்பா.

"ஆமாம் தங்கச்சி, காரம்தான்" என்று சமாளித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவளுடைய ஜாடிகளைப் பார்க்கக் கூட்டிப் போனாள். சமையல்கட்டின் ஓரத்தில் வரிசையாக, வாயில் வெள்ளைத் துணி கட்டி நின்றன. எலுமிச்சை, மாங்காய்த் தொக்கு, உப்பில் ஊறும் மணத்தக்காளி, மோரில் ஊறிக் காய்ந்த சுண்டைக்காய். எல்லாம் அவள் நிலத்திலும் வேலியிலும் விளைந்தவை. ஒவ்வொரு ஜாடியையும் திறந்து, "இத எடுத்துக்கினு போங்க, வேதாவுக்கு இது ரொம்பப் புடிக்கும்" என்பாள். நான் "உப்பு" என்பேன். அடுத்ததைத் திறப்பாள். நான் மறுபடியும் "உப்பு" என்பேன். கடைசி ஜாடிக்கு வந்தபோது என்னைப் பார்க்காமலே துணியைத் திருப்பிக் கட்டிவிட்டாள்.

"உப்பு இல்லாமல் எதுவும் போட முடியாதா?" என்று கேட்டேன்.

"உப்பு இல்லன்னா பூச்சி வெக்கும் அண்ணா. பூசணம் புடிக்கும். எங்க ஊட்ல யாரும் போட்டதில்ல."

அத்தோடு என் ரகசிய வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் அவளோடு டவுனுக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் எங்களோடு ஒரு கூடை வெண்டைக்காய், ஒரு சைக்கிள் டயர், மடியில் பட்டு நூல் மூட்டையோடு ஒருவர். டிரைவர் ஒரு கையால் போன் பேசிக்கொண்டே ஓட்டினார். என் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை வழி முழுக்க மிதித்துக்கொண்டே வந்தது. அந்தக் காலுக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடையாது.

கடைத்தெருவில் ஒரு பாய் கடையில் கல்லுப்பு வாங்கினாள். மாவடு போட வேண்டுமாம். பாய் எடை போட்டபடி, "யாரும்மா இது, வெளியூரா?" என்று கேட்டார். புஷ்பா கதை முழுவதையும் அங்கேயே அவிழ்த்துவிட்டாள். நாத்தனாருக்கு இதயம், உப்பு கூடாது, சாப்பாடு இறங்கவில்லை, கல்யாணம் வருகிறது. நான் நெளிந்தேன். எங்கள் ஊரில் மளிகைக் கடையில் நோயைப் பேச மாட்டோம். பாய் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பிடி மிளகைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மொளகும் எலுமிச்சம்பழமும்தான் காப்பாத்துச்சு. துவா பண்றேன்னு சொல்லுங்க" என்றார். மிளகுக்குக் காசு கொடுக்கப் போனேன், கையைத் தள்ளிவிட்டார். பிறகு இட்லி சாப்பிட்டோம். மந்தாரை இலையில் வெந்த, மிளகும் சுக்கும் போட்ட இட்லி. ஊர் முழுக்க மிளகாக எனக்குக் கண்ணில் படத் தொடங்கியது.

அடுத்த நாள் மாவடு. மாமரத்தின் பிஞ்சுகளைக் கழுவி, துடைத்து, விளக்கெண்ணெயில் புரட்டி வைத்தோம். கடுகையும் காய்ந்த மிளகாயையும் வெயிலில் போட்டு, மதியம் முழுக்க உரலில் இடித்தோம். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு மூக்கு என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. மச்சான் தறியிலிருந்தே தும்மினார். எனக்கு முகத்தில் எரிச்சல், உள்ளே ஏனோ சந்தோஷம். வேதா சின்ன வயதில் இங்கேதானே தும்மிக்கொண்டு நின்றிருப்பாள்.

அன்றே மச்சான் சொன்னார், "மாப்ள, நாளைக்கு விடியகாலைல உங்க பொண்ணு பொடவைக்குப் பாவு நீட்டுறோம். வந்து பாருங்க." பாவு என்பது புடவையின் நீளவாட்டு இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவின் நீளத்துக்கு அவற்றை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, காயவைத்து, இழை இழையாகப் பிரித்து விடுவார்கள். கஞ்சி ஏறினால்தான் இழை அறுபடாமல் தறியில் நிற்கும். தெருக்காரர்கள் எல்லோரும் வந்து கை கொடுப்பார்கள்.

புஷ்பாவும் அதே நாளைத்தான் கூழ் வத்தலுக்குக் குறித்திருந்தாள். பாவுக்கும் வத்தலுக்கும் ஒரே வெயில்தானே வேண்டும். அதனால் தன் வயல் அரிசியை ஊறவைத்து அரைத்து, பின்கட்டு அடுப்பில் இரண்டு பானைக் கஞ்சி காய்ச்சி வைத்தாள். ஒன்று பாவுக்கு, வெறும் கஞ்சி. இன்னொன்று வத்தலுக்கு, அதில் உப்பு, பெருங்காயம், வடிகட்டிய பச்சைமிளகாய்ச் சாறு. வத்தல் மல்லிகைப்பூ மாதிரி வெளுப்பாக இருக்க வேண்டும், ஒரு பொட்டு தெரியக் கூடாது என்பது அவள் கௌரவம். ஆக, இரண்டும் பார்வைக்கு ஒன்றே. வாசனையில் கண்டுபிடிக்கலாம், ஆனால் மூக்குகள்தான் முந்தின நாளே போய்விட்டனவே.

விடியற்காலை மச்சான் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். மீதமிருந்த பானையை நான் மாடிக்குத் தூக்கிக் கொடுத்தேன். பழைய வேட்டியை விரித்து, புஷ்பா கரண்டி கரண்டியாக ஊற்றி வட்டமாகத் தேய்த்தாள். எனக்கும் ஒரு மூலை கொடுத்தாள். என் வட்டங்கள் எல்லாம் மலேசியா வரைபடம்போல இரண்டாகப் பிரிந்தன. விரலில் ஒட்டியதை நக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"எச்சில் பண்ணக்கூடாது அண்ணா! மொதல்ல வெயில்தான் சாப்டணும். காஞ்சப்பறம்தான் நாம வாய் வெக்கணும். எங்க மாமியா சொல்லிக் குடுத்தது."

அந்த வழக்கம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், என் விரலே உண்மையைச் சொல்லியிருக்கும்.

பானை காலியாகும் நேரத்தில் தெருவிலிருந்து ஒரு கூச்சல். எட்டிப் பார்த்தேன். மகளுடைய புடவையின் இழைகள் தெரு நெடுகக் குங்கும நிறத்தில் நீண்டு கிடந்தன. இரண்டு பக்கமும் ஆட்கள். நடுவில் எதிர்வீட்டு செல்வி, கஞ்சியை வடிகட்டும் துணியோடு நின்றாள். பாவுக் கஞ்சி புளித்திருக்கிறதா என்று பூசுவதற்கு முன் நாக்கில் தொட்டுப் பார்ப்பது அவள் வழக்கம்.

"இன்னா மாமா இது? உப்பு! காரம் வேற! பொடவைய நெய்யப் போறியா, பொரிச்சித் துன்னப் போறியா?"

தெருவே சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. உப்புக் கஞ்சி பூசினால் இழை ஈரத்தை இழுக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், கரை ஜரிகை கறுக்கும். பாவில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை என்று தெரிந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. என்னைப் பார்த்து, "மாப்ள, அந்தப் பானைய எடுத்துக்கினு வாங்க" என்றார்.

நான் திரும்பிப் புஷ்பாவைப் பார்த்தேன். புஷ்பா வேட்டியைப் பார்த்தாள். பாவுக்கான கஞ்சி முழுவதும் வட்ட வட்டமாக மாடியில் கிடந்தது.

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. புதிதாக அரிசி ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுவதற்குள் நேரம் போய்விடும். கட்டிய பாவை அவிழ்த்து இன்னொரு நாளுக்குத் தள்ளினால் முறுக்கிக்கொள்ளும். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். அப்போது செல்விதான் சொன்னாள், "தெருவுல எல்லார் ஊட்லயும் சோறு வடிக்கிற நேரம்தானே? வடிகஞ்சி வாங்குங்க."

நான் ஒரு குண்டானை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாழ்க்கையில் எத்தனையோ வாசலில் நின்று ஹாரன் அடித்திருக்கிறேன். கஞ்சி கேட்டு நின்றது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி.

"உப்பு போட்டீங்களா?"

"போட்டுட்டேனேப்பா."

அடுத்த வாசல். "உப்பு போட்டீங்களா?"

"இன்னும் போடல, இந்தா, சூடு, பாத்து."

ஒரு பெண் கொதிக்கிற பானையோடு வந்து வாசலிலேயே வடித்துக் கொடுத்தாள். ஒருத்தி உப்புப் போடக் கையை ஓங்கியவள், என் குரல் கேட்டு அப்படியே நிறுத்தினாள். செல்வி ஒவ்வொன்றையும் நாக்கில் தொட்டு, தலையாட்டி, வடிகட்டி, கலந்தாள். குண்டான் நிறைந்தது. ஆளுக்கொரு பக்கமாக நின்று பூசினார்கள், உதறினார்கள், பிரித்தார்கள். நான் யார், என் மகள் யார் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அத்தனை வீட்டுச் சோற்றுக் கஞ்சியும் குடித்துவிட்டு என் மகளின் பாவு நிமிர்ந்து நின்றது. அந்தத் தெருவுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மாடிக்கு வந்தபோது புஷ்பா கையில் தோசைத் திருப்பியோடு உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"உப்பில்ல, ஒறப்பில்ல. இத யாரு துன்னுவாங்க? வழிச்சி மாட்டுக்கு ஊத்திடறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வாசலிலும் உப்பு போட்டீர்களா என்று கேட்டுக்கொண்டு ஓடியவன், மாடியில் காய்வதைப் பற்றி யோசிக்கவே இல்லை. திருப்பியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"தங்கச்சி, இதை வேதா தின்னுவா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வேட்டியைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காயுமான்னு தெர்லயே அண்ணா. பொரியுமான்னும் தெர்ல" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு மாடியை விட்டால் வேறு ஊர் கிடையாது. ஏகாம்பரநாதரையும் வரதரையும் பார்க்காமல் காஞ்சிபுரத்தில் இத்தனை நாள் இருந்தவன் நானாகத்தான் இருப்பேன். காக்கை விரட்டினேன். மேகம் வந்தால் திட்டினேன். தைப்பிங்கில் வெயில் என்பது இரண்டு மழைக்கு நடுவே வந்துபோகும் விருந்தாளி. அங்கே வேட்டியில் கூழ் ஊற்றினால் காளான்தான் அறுவடை செய்யலாம். இங்கே வெயில் நாள் முழுக்க அசையாமல் நின்று வேலை பார்த்தது. வந்த முதல் நாள் அந்த வெயிலைச் சபித்தவன், இப்போது அதைக் கும்பிட்டேன்.

நன்றாகக் காய்ந்ததும் புஷ்பா ஒன்றை எடுத்துத் தணலில் காட்டினாள். மூவரும் குனிந்து பார்த்தோம். ஓரம் சுருண்டது, நடுவில் சின்னதாய் ஒரு கொப்புளம், பிறகு மொத்தமும் வெள்ளையாகப் பூத்தது. பூச்சி இல்லை, பூசணம் இல்லை. மச்சான் பிட்டு வாயில் போட்டு மென்றார்.

"எப்படி மச்சான்?"

"பாவு மாதிரி இருக்குது மாப்ள" என்றார்.

புஷ்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வத்தலைப் பாவு என்பதா? மறுநாளே இன்னொரு பானை ஏற்றினாள். உப்பில்லை. பாய் கொடுத்த மிளகைப் பொடித்துப் போட்டாள், வெளுப்புக் கௌரவத்தை அடுப்பில் போட்டுவிட்டு. நிலத்து எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்தாள். பச்சைமிளகாய்ச் சாறும் சேர்த்தாள். கூடவே புளிப்பு மாங்காயை மெல்லிசாகச் சீவி, மஞ்சளில் புரட்டி, உப்பில்லாமல் காயப்போட்டாள். எங்கள் வீட்டில் யாரும் போட்டதில்லை என்றவள், கத்தரி, கொத்தவரை என்று ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினாள். காயாததைத் தூக்கிப் போட்டாள், காய்ந்ததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஊரிலிருந்து யாரோ போன் செய்தபோது, "நாத்தனாருக்கு வத்தல் போட்டுக்கினு இருக்கேன், அப்பறம் பேசு" என்று வைத்துவிட்டாள்.

புடவை தறியில் ஏறியதைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, சரி சொன்னேன். நெய்து முடித்து அனுப்புவார்கள். கிளம்பும் நாளில் புஷ்பா ஒரு தகர டப்பாவில் வெறும் கூழ் வத்தல், மிளகு வத்தல் இரண்டையும் அடுக்கி, துணி வைத்து மூடி, என் மடியில் கொடுத்தாள். "பெட்டில போடாதீங்க, ஒடஞ்சிடும். கைலயே வெச்சிக்கங்க" என்றாள். தைப்பிங் வரைக்கும் அது என் மடியை விட்டு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மழை. வேதா நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தாள். புடவையின் படங்களைப் போனில் காட்டினேன். பார்த்தாள், நான் சொன்ன நிறத்தின் பெயரைத் திருத்தினாள், சோர்ந்து சாய்ந்தாள். நான் அடுப்படிக்குப் போய், மிளகு போட்ட வத்தல் இரண்டைத் தீயில் சுட்டுத் தட்டில் கொண்டுவந்து வைத்தேன்.

"என்னங்க இது? டாக்டர் என்ன சொன்னார்?" என்று தட்டைத் தள்ளினாள்.

"சாப்பிடு. ஒண்ணும் ஆகாது."

ஓரத்தை ஒடித்து வாயில் வைத்தாள். மழைச் சத்தத்தை மீறி நொறுங்கும் சத்தம் கேட்டது. கண்ணை மூடினாள். "அண்ணி கை" என்றாள். இன்னொரு துண்டு. பிறகு கண்ணைத் திறந்து, "ஏங்க, அண்ணி உப்பு போட மறந்துட்டாங்களா?" என்றாள்.

கதையைச் சொன்னேன். இரண்டு பானை, நாக்கில் தொட்ட செல்வி, தலையில் கை வைத்த அண்ணன், வாசல் வாசலாகக் குண்டானோடு ஓடிய நான். ஒவ்வொரு வாசலையும் யார் வீடு என்று அவளே சொன்னாள். அவள் அண்ணன் 'பாவு மாதிரி இருக்குது' என்று சொன்ன இடத்தில் சால்வை நழுவி விழச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் கை தட்டில் துழாவியது. தட்டு காலி.

"இன்னும் ரெண்டு சுடுங்க" என்றாள். நான் எழுந்தேன். "அப்படியே கொஞ்சம் ரசம் சோறும் கொண்டாங்க. பசிக்குது."

எட்டு மாதமாக அந்த வீட்டில் நான் கேட்காத சொல் அது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.